பாட்டிகள் தோண்டிய கிழங்கு: கிறிஸ்டன் ஹாக்ஸின் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்களுக்கு ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கிறது. அதற்குப் பிறகும் இருபது முப்பது வருடம் உடம்பு திடமாக ஓடுகிறது. பிள்ளை பெறுவது நின்ற பிறகு எதற்காக இவ்வளவு ஆயுள்? இதற்கு இன்று பேசப்படும் பதில்களில் முக்கியமான 'பாட்டிக் கருதுகோள்', அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய சகாக்களும் தான்சானியாவில் வயதான பெண்களின் உழைப்பை அளந்து பார்த்ததிலிருந்து வந்தது. அந்த ஆய்வைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில் வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

ஹாக்ஸின் துறையான மனித நடத்தைச் சூழலியல் என்பது என்ன?

ஒரு பறவை எந்தப் பூச்சியைத் தின்னும், எதைக் கண்டும் காணாமல் பறந்துவிடும், ஒரு புதரில் எவ்வளவு நேரம் இரை தேடும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ல முடியுமா? 1960களில் உயிரியலாளர்கள் இதை முயன்று பார்க்க ஆரம்பித்தார்கள். ராபர்ட் மெக்ஆர்தரும் எரிக் பியாங்காவும் 1966இல் வெளியிட்ட கட்டுரை அந்த வழியைத் திறந்தவற்றில் ஒன்று. 1970களில் சில மானிடவியலாளர்கள் அதே கணக்கை மனிதர் பக்கம் திருப்பினார்கள். மக்கள் எந்த உணவைத் தேடிப் போகிறார்கள், கிடைத்ததை யாருக்குக் கொடுக்கிறார்கள், எந்த வயதில் பிள்ளை பெறுகிறார்கள், எப்போது பால்குடி மறக்கடிக்கிறார்கள் என்று அன்றாட முடிவுகளை அவரவர் வாழும் சூழலோடு வைத்துப் பார்ப்பதுதான் இதன் வேலை.

பரிணாமம் என்றதும் பலர் 'பிறவியிலேயே எழுதி வைத்தது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தத் துறையின் பார்வை அதற்கு நேர் எதிர். சூழல் மாறினால் நடத்தையும் மாறும், எந்தத் திசையில் மாறும் என்பதை ஊகித்துச் சோதிக்கலாம் என்பதே இதன் அடிப்படை.

பரிணாம உளவியலும் இதுவும் ஒன்றா?

இல்லை. இரண்டும் ஒரே குடும்பம், வழி வேறு. பரிணாம உளவியல் மனத்தின் அமைப்பைத் தேடுகிறது, பெரும்பாலும் சோதனைகளும் கேள்வித்தாள்களும் வைத்து. நடத்தைச் சூழலியலாளர் தராசையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு கொண்டுவந்தார், யார் சாப்பிட்டார்கள் என்று எழுதுகிறார். என் ஈடுபாடெல்லாம் இரண்டாவதன் மேல்தான். மனிதர்களைப் பற்றி எதையும் சொல்லும் முன் அவர்கள் செய்வதைப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது.

கிறிஸ்டன் ஹாக்ஸ் யார்?

நியூ கினியின் மேட்டுநிலத்தில் களப்பணி செய்து, 1976இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1980களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவின் பராகுவேயில் ஆச்சே மக்களிடையே கிம் ஹில், ஹில்லார்ட் கேப்லன், மக்தலேனா உர்ட்டாடோ ஆகியோருடன் வேலை செய்தார். பிறகு தொல்லியலாளர் ஜேம்ஸ் ஓகானல், நிக்கோலஸ் ப்ளர்ட்டன் ஜோன்ஸ் இருவரோடும் சேர்ந்து தான்சானியாவின் ஹட்ஸா மக்களிடம் போனார். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்.

ஆச்சே மக்களிடம் கண்டது என்ன?

ஆச்சேக்கள் 1970கள் வரை காட்டிலேயே வாழ்ந்தவர்கள். ஹாக்ஸ் போனபோது குடியிருப்புகளில் இருந்தபடி அவ்வப்போது காட்டுக்குள் போய்ப் பல நாள் தங்கி வந்தார்கள். அந்தப் பயணங்களில் கூடவே நடந்து, ஒவ்வொரு உணவுக்கும் எவ்வளவு நேரம் செலவானது, எவ்வளவு கலோரி கிடைத்தது என்று ஆய்வாளர்கள் பதிந்தார்கள். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எடுக்காமல், நேரத்துக்கு ஏற்ற பலன் தருவதை எடுத்து மற்றதைத் தாண்டிப் போகிறார்கள் என்பது பெரும்பாலும் கணக்கோடு ஒத்துப்போனது. 1982இல் ஹாக்ஸ், ஹில், ஓகானல் மூவரும் அதை வெளியிட்டார்கள்.

ஆனால் ஓர் இடத்தில் கணக்கு உதைத்தது. பனை இனத்து மரத்தின் தண்டை வெட்டி இடித்து மாவு எடுத்தால், வேட்டையில் கிடைப்பதைவிட அதிகக் கலோரி கிடைக்கும். அப்படியிருந்தும் ஆண்கள் வேட்டைக்கே போனார்கள். கொண்டுவந்த இறைச்சியும் வேட்டையாடியவர் வீட்டோடு நிற்காமல் எல்லாருக்கும் போனது. வீட்டுக்குச் சோறு போடுவதுதான் நோக்கம் என்றால் ஏன் இப்படி? இந்தக் கேள்வியை ஹாக்ஸ் விடவேயில்லை. பின்னால் வந்த அவருடைய வேலைகள் பலவற்றின் விதை இதில்தான் இருக்கிறது.

ஹட்ஸா மக்கள் யார்?

வட தான்சானியாவில் எயாசி ஏரியைச் சுற்றியுள்ள வறண்ட காட்டில் வாழும் சிறு சமூகம், ஆயிரத்துச் சொச்சம் பேர். நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் கொண்ட அவர்கள் மொழிக்கு நெருங்கிய உறவு மொழி எதுவும் நிறுவப்படவில்லை. தேன், இறைச்சி, காட்டுப் பழங்கள், கிழங்கு, ஆனைப்புளிய மரத்தின் காய் ஆகியவை முக்கிய உணவு. மன்னார்ப் பக்கத்தவர்கள் பெருக்கமரம் என்று சொல்லும் அதே மரம்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹட்ஸாக்கள் 'ஆதிமனிதர்கள்' அல்லர். நம்மைப் போலவே இந்த நூற்றாண்டில் வாழ்பவர்கள். அக்கம்பக்கத்து கால்நடைச் சமூகங்களோடும் விவசாயிகளோடும் கொடுக்கல் வாங்கல் உண்டு, அம்பு முனைக்கு இரும்பு வெளியிலிருந்து வருகிறது. கடையும் வயலும் இல்லாமல் காட்டை நம்பிப் பிள்ளை வளர்ப்பது எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க முடிவதால்தான் ஆய்வாளர்கள் அங்கே போகிறார்கள்.

அந்தக் கிழங்கு என்ன? தோண்டுவது அவ்வளவு கடினமா?

எக்வா என்பது அதன் பெயர். தாவரவியல்படி உளுந்து, தட்டைப்பயறு இருக்கும் அதே பேரினம். மேலே பார்த்தால் ஒரு கொடி, அவ்வளவுதான். கிழங்கு பாறைகளுக்கு இடையே ஆழத்தில் ஓடிக் கிடக்கும்.

கையில் இருப்பது முனை கூராக்கித் தீயில் வாட்டி இறுக்கிய ஒரு கம்பு. கொடி எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று பார்த்து, அங்கே உட்கார்ந்து குத்திக் குத்தி மண்ணை அள்ளிப் போடுவார்கள். நடுவில் பாறை குறுக்கிட்டால் கம்பை நெம்புகோலாக வைத்துப் புரட்ட வேண்டும். முனை மழுங்கினால் அங்கேயே சீவிக்கொள்ள வேண்டும். எடுத்த கிழங்கைத் தீயில் கொஞ்ச நேரம் வாட்டி, கருகிய தோலை உரித்து, மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடுவார்கள். நார் அவ்வளவு.

ஹட்ஸாச் சிறுவர்கள் சுறுசுறுப்பானவர்கள். ஐந்து வயதிலேயே பழம் பறிப்பார்கள், ஆனைப்புளிய மரத்துக் காயை உடைத்துத் தின்பார்கள். ஆழத்தில் கிடக்கும் எக்வாவை மட்டும் அவர்களால் வேண்டிய அளவு எடுக்க முடியாது, பலமும் பழக்கமும் போதாது. பழம் இல்லாத காலத்திலும் இந்தக் கிழங்கு கிடைக்கும். அப்படியானால் பால் மறந்த குழந்தைக்கு அதை யாரோ தோண்டிக் கொடுத்தாக வேண்டும். பாட்டிக் கருதுகோள் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

பாட்டிக் கருதுகோள் என்ன சொல்கிறது?

1980களின் நடுவில் ஹாக்ஸ் குழு ஹட்ஸாப் பெண்களின் ஒவ்வொரு நாள் வேலையையும் பதிந்தது. பிள்ளைப்பேறு நின்ற பெண்கள் ஓய்ந்து உட்காரவில்லை. இளம் தாய்மார்களைவிட அதிக நேரம் காட்டில் உழைத்தார்கள், கொண்டுவந்த அளவிலும் சளைக்கவில்லை. 1989இல் வந்த கட்டுரை அவர்களை 'கடும் உழைப்பாளிப் பாட்டிகள்' என்றே தலைப்பில் சொன்னது.

அப்புறம் குழந்தைகளைத் தராசில் நிறுத்தி, எடை கூடுவதையும் குறைவதையும் பருவத்துக்குப் பருவம் பார்த்தார்கள். பொதுவாக, தாய் எவ்வளவு நேரம் உணவு தேடினாளோ அதற்கேற்பக் குழந்தையின் எடை கூடியது. கைக்குழந்தை பிறந்ததும் தாய் தேடும் நேரம் குறைந்துவிடும். அந்தச் சமயத்தில் மூத்த குழந்தையின் எடை தாயின் உழைப்போடு பொருந்தாமல் பாட்டியின் உழைப்போடு பொருந்தியது. 1997இல் வெளியான இந்த முடிவைத்தான் நான் மொத்த ஆய்விலும் பெரிதாக மதிக்கிறேன். வயதான பெண்களின் வேலையைப் பற்றி அதுவரை நிறையப் பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். இவர்கள் அதை மணிக்கணக்கில் அளந்து, பேரப்பிள்ளையின் எடையோடு பக்கத்தில் வைத்தார்கள்.

அதிலிருந்து பெரிய கதை ஒன்றை 1998இல் கட்டினார்கள். காட்டுச் சிம்பன்சித் தாய் ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் ஐந்தாறு வருடம் இடைவெளி விடுகிறது. பால் மறந்த குட்டி தன் உணவைத் தானே தேடிக்கொள்கிறது. வேட்டையாடி வாழும் மனிதச் சமூகங்களில் அந்த இடைவெளி மூன்று நான்கு வருடம்தான், பால் மறந்த குழந்தையோ தனியாகப் பிழைக்க முடியாது. பாட்டி ஊட்டுவதால்தான் தாய் சீக்கிரம் அடுத்த பிள்ளையைப் பெற முடிகிறது. திடமாக நீண்ட நாள் வாழ்ந்த பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகள் அதிகம், அந்தப் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் நீண்ட ஆயுள் மரபுவழி கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக இப்படியே மனித ஆயுள் நீண்டது என்பது வாதம்.

அப்படியென்றால் மாதவிடாய் நிற்பதும் பாட்டிகளுக்காகத்தானா?

பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். 1957இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற உயிரியலாளர், வயதான காலத்தில் புதிதாகப் பெறுவதைவிட இருக்கிற பிள்ளைகளைக் காப்பாற்றுவது லாபம், அதனால் மனிதப் பெண்ணுக்குக் கருவளம் சீக்கிரமே நின்றிருக்கலாம் என்றார். ஹாக்ஸ் இதைத் திருப்பிப் போட்டார். சிம்பன்சிக்கும் கருவளம் கிட்டத்தட்ட நம்மைப் போல நாற்பதுகளில்தான் ஓய்கிறது. ஆக மனிதப் பெண்ணுக்கு மாதவிடாய் சீக்கிரமாக நின்றுவிடவில்லை, பழைய வயதில்தான் நிற்கிறது. மாறியது மற்ற உறுப்புகளின் ஆயுள். அதனால் விளக்க வேண்டியது மாதவிடாய் நிற்பதை அன்று, அதற்குப் பிறகு வரும் நீண்ட ஆண்டுகளை.

அந்தக் காலத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர் யார்? பாட்டிகளே இருந்திருக்க மாட்டார்களே?

சராசரி ஆயுளைத் தவறாகப் படிப்பதால் வரும் சந்தேகம் இது. ஹட்ஸாக்களிடையே பிறப்பின்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் சுமார் 33 வயது. கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் நிறைய இறப்பதால் சராசரி இப்படிக் கீழே இறங்குகிறது. பிழைத்துப் பெரியவர்களானவர்களின் கதை வேறு. மைக்கேல் கர்வனும் கேப்லனும் 2007இல் பல வேட்டைச் சமூகங்களின் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வயது வந்தவர்கள் மிக அதிகமாக இறக்கும் வயது எழுபதை ஒட்டி இருந்தது. மருத்துவமனை வருவதற்கு முன்பே கிழவிகளும் கிழவர்களும் இருந்தார்கள்.

கணினி மாதிரி வைத்து நிரூபித்தார்கள் என்கிறார்களே?

நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், சாத்தியம் என்று காட்டினார்கள். 2012இல் பீட்டர் கிம், ஜேம்ஸ் காக்ஸ்வொர்த், ஹாக்ஸ் மூவரும் சிம்பன்சியைப் போன்ற ஆயுள் கொண்ட ஒரு கூட்டத்தைக் கணினியில் உருவாக்கி, கொஞ்சம் பாட்டி உதவியைச் சேர்த்துவிட்டார்கள். 60,000 வருடத்துக்குள் ஆயுள் மனித அளவுக்கு நீண்டுவிட்டது. பரிணாமத்தின் கணக்கில் அது மிகக் குறுகிய காலம். அதற்கு முந்தைய ஆண்டே கேச்சல், பிரீமோ, ஹப்ளின் என்ற மூவர் வேறொரு மாதிரியை ஓட்டி, பாட்டி உதவி மட்டும் ஆயுளை அவ்வளவு நீட்டப் போதாது என்று முடிவு சொல்லியிருந்தார்கள். எதை உள்ளே போடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் மாதிரியின் விடை. அதனால்தான் நான் கணினியைவிடக் களத்துத் தராசை நம்புகிறேன்.

ஆண்களின் வேட்டைக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது, எந்த வகை மதிப்பு என்பதில்தான் சண்டை. ஹட்ஸா ஆண் ஒருவர் பெரிய விலங்கு ஒன்றை வீழ்த்துவது சராசரியாக முப்பது வேட்டை நாளுக்கு ஒருமுறைதான். கிடைக்கும் நாளில் இறைச்சி முகாம் முழுக்கப் போகும், வேட்டையாடியவரின் பிள்ளைகளுக்குத் தனிப் பங்கு என்று பெரிதாக இல்லை. பசித்த குழந்தை முப்பது நாள் காத்திருக்காது. எனவே பெரிய வேட்டை என்பது பெயர் வாங்கவும், கூட்டாளிகளையும் துணைகளையும் பெறவும் ஆண்கள் செய்யும் பொதுக்காரியம் என்று 1991இல் ஹாக்ஸ் எழுதினார். 'வேட்டைக்காரக் கணவன், காத்திருக்கும் மனைவி, நடுவில் இறைச்சி' என்ற பழைய சித்திரத்துக்கு அது பலத்த அடி.

பிராங்க் மார்லோ அதே ஹட்ஸாக்களிடம் நீண்ட காலம் வேலை செய்து வேறு பக்கத்தைக் காட்டினார். மனைவி கைக்குழந்தையோடு இருக்கும் மாதங்களில் கணவர்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது கூடுகிறது என்றார். தேன், சிறு விலங்கு போன்றவை வீட்டுக்கே போகின்றன. எனக்கு மார்லோவின் தரவும் நம்பகமாகத்தான் படுகிறது. பெரிய விலங்குக்கு ஒரு கணக்கு, தேனடைக்கு வேறு கணக்கு என்று வைத்துக்கொண்டால் இருவரும் சொல்வதில் பெரும்பகுதி ஒன்றோடொன்று இடிக்காது.

வேறு எதிர்ப்புகள்?

வலுவான மாற்றுக் கருத்து ஹாக்ஸின் பழைய சகாக்களிடமிருந்தே வந்தது. கேப்லன், ஹில், ஜேன் லங்காஸ்டர், உர்ட்டாடோ நால்வரும் 2000இல் எழுதியதன் சுருக்கம் இது: மனித உணவு எடுப்பதற்குக் கடினமானது, அதைக் கற்க இருபது வருடம் பிடிக்கிறது, கற்ற பிறகு நீண்ட நாள் வாழ்ந்தால்தான் போட்ட முதல் திரும்பும். ஆகவே பெரிய மூளை, நீண்ட குழந்தைப்பருவம், நீண்ட ஆயுள் மூன்றும் சேர்ந்தே வளர்ந்தன. இதில் ஆண்களின் வேட்டைக்குப் பெரிய இடம் உண்டு.

இன்னொரு சிக்கல் சான்று. ஹாக்ஸ் குழு 1999இல் இந்தக் கதையை ஹோமோ எரெக்டஸ் என்ற பழைய மனித இனத்தின் காலத்துக்கு, ஏறத்தாழ இருபது லட்சம் வருடம் பின்னால், கொண்டுபோனது. பருவநிலை வறண்டு, குழந்தைகளால் எளிதில் எடுக்க முடிந்த உணவு குறைந்து, கிழங்கு முக்கியமான காலம் அது என்பது வாதம். ஆனால் எலும்பு கல்லாகிக் கிடைக்கிறது, கிழங்கு மட்கிப்போகிறது. தோண்டிய கம்பும் மட்கிப்போகிறது. தொல்லியலில் இறைச்சியின் பேச்சு ஓங்கியிருக்க இதுவும் ஒரு காரணம்.

ஹட்ஸாக்களைத் தவிர வேறு எங்காவது பார்த்திருக்கிறார்களா?

நிறைய. காம்பியாவின் சில கிராமங்களில் இயன் மெக்கிரிகர் என்ற மருத்துவர் 1950 முதல் 1974 வரை பிறப்பு, இறப்பு, உயரம், எடை எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தார். அதை வைத்து ரெபெக்கா சியரும் ரூத் மேசும் 2000இல் பார்த்தபோது, அம்மாச்சி உயிரோடு இருந்த வீட்டுச் சிறு குழந்தைகள் நன்றாக வளர்ந்தார்கள், அதிகம் பிழைத்தார்கள். அப்பா இருந்தாரா இல்லையா என்பது பிழைப்பதில் அவ்வளவாக வித்தியாசம் காட்டவில்லை.

பின்லாந்திலும் கனடாவிலும் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி லாஹ்டன்பெராவும் லுமாவும் சகாக்களும் 2004இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஐம்பது வயதுக்குமேல் ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் அவருக்குச் சராசரியாக இரண்டு பேரப்பிள்ளைகள் கூடுதல். ஜெர்மனியின் க்ரும்ஹோர்ன் பகுதியிலோ சித்திரம் கொஞ்சம் கசப்பு. அம்மாச்சி இருந்தால் குழந்தைக்கு நல்லது, அப்பத்தா இருந்த வீடுகளில் பிறந்த சில வாரங்களில் இறக்கும் குழந்தைகள் அதிகம்.

அப்பத்தாக்கள் என்றால் கெடுதல் என்று அர்த்தமா?

அவசரப்படக் கூடாது. 45 ஆய்வுகளின் முடிவுகளைச் சியரும் மேசும் 2008இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அம்மாச்சி உதவியது பல இடங்களில் தெரிந்தது. அப்பத்தா சில இடங்களில் உதவி, சில இடங்களில் பலனில்லை. யார் வீட்டில் யார் வாழ்கிறார், நிலம் யார் கையில், மருமகள் எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது.

மைக்கேல் காண்டும் ரூஃபஸ் ஜான்ஸ்டனும் 2008இல் வைத்த கருத்தும் இதையொட்டியதே. மணமாகி வரும் பெண்ணுக்கு அந்த வீட்டில் ரத்த சொந்தம் இல்லை. மாமியாரும் மருமகளும் ஒரே காலத்தில் பிள்ளை பெற்றால் இருக்கிற உணவுக்குப் போட்டி. மாமியாருக்கோ மருமகளின் பிள்ளை தன் பேரப்பிள்ளை, அதனால் பிள்ளை பெறுவதை விட்டுக்கொடுப்பதில் அவருக்கு நஷ்டம் குறைவு. பின்லாந்துப் பதிவேடுகளில், இருவரும் ஒரே சமயத்தில் பெற்ற வீடுகளில் குழந்தைகள் பிழைப்பது பெரிதும் குறைந்திருந்ததை லாஹ்டன்பெராவும் சகாக்களும் 2012இல் கண்டார்கள். பாட்டிக் கருதுகோளும் இதுவும் ஒன்றையொன்று அழிப்பவை என்று நான் நினைக்கவில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறோமே, அதுவும் இதே காரணம்தானா?

தமிழ் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. காம்பியாவின் கணக்கைப் படித்தால் எனக்கும் உடனே அதுதான் நினைவுக்கு வருகிறது. புதுத் தாயின் உணவு, தூக்கம், பிறந்த குழந்தையின் முதல் மாதங்கள் எல்லாம் அம்மாச்சியின் கையில் இருக்கும்படி நம் வழக்கம் அமைந்திருக்கிறது. ஆனால் பொருத்தமாகத் தெரிவது வேறு, அளந்து காட்டுவது வேறு. செலவை யார் ஏற்பது, இரு குடும்பத்து உறவு, சாதிக்குச் சாதி மாறும் வழக்கம் என்று அதில் பல இழைகள் உண்டு. அதை ஹாக்ஸின் கருத்துக்குச் சான்றாகக் காட்ட மாட்டேன்.

தமிழ்நாட்டிலேயே இந்தத் துறையின் ஆய்வு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, பொருள் வேறு. எலினார் பவர் என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டின் தென்பகுதியில் இரண்டு கிராமங்களில் தங்கி, கோயில் வழிபாட்டையும், தீமிதி, அலகு குத்துதல் போன்ற நேர்த்திக்கடன்களையும், யாருக்கு யார் உதவுகிறார்கள் என்ற வலையையும் சேர்த்துப் பதிந்தார். வருத்திக்கொண்டும் தவறாமலும் வழிபடுபவர்களை ஊரார் பக்தி உள்ளவர்கள் என்று மட்டும் பார்க்கவில்லை, தாராள மனமும் நல்ல குணமும் உள்ளவர்களாகவும் மதித்தார்கள். அவர்களுக்கு உதவி கிடைக்கும் உறவுகளும் கூடுதலாக இருந்தன. 2017இல் இவை வெளியாயின. ஹட்ஸா வேட்டையில் ஹாக்ஸ் கேட்ட கேள்விக்கு, அதாவது பெயர் வாங்குவதற்கு என்ன பலன் என்பதற்கு, இது ஒரு தங்கை ஆய்வு.

விலங்குகளில் பாட்டிகள் உண்டா?

கடலில் உண்டு. ஓர்கா திமிங்கிலம், குறுந்துடுப்பு பைலட் திமிங்கிலம், பெலூகா, நார்வால் ஆகியவற்றின் பெண்கள் இனப்பெருக்கம் நின்ற பிறகும் நெடுநாள் வாழ்கின்றன. வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஓர்காக்களில், சால்மன் மீன் குறைந்த வருடங்களில் கிழட்டுப் பெண்களே கூட்டத்துக்கு முன்னால் நீந்தி வழிகாட்டுகின்றன. இனப்பெருக்கம் நின்ற பாட்டி இறந்தால் அடுத்த இரண்டு வருடத்தில் பேரக்குட்டி சாகும் வாய்ப்பு 4.5 மடங்கு என்று 2019 ஆய்வு சொன்னது.

நிலத்தில் எதிர்பாராத செய்தி 2023இல் உகாண்டாவிலிருந்து வந்தது. கிபாலே தேசியப் பூங்காவின் இங்கோகோ பகுதிச் சிம்பன்சிகளில், கருவளம் நின்ற பின்னும் கணிசமான பெண்கள் வாழ்கின்றன. வயதுவந்த வாழ்வில் ஐந்தில் ஒரு பங்கு அப்படிக் கழிகிறது. அங்கே உணவு மிகுதி, சிறுத்தைகள் இல்லை. சிம்பன்சிப் பெண் பருவம் வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டுப் போய்விடுவதால், பாட்டி தன் மகளின் குட்டிக்கு உதவ வாய்ப்பு குறைவு. ஆகவே அந்த நீண்ட வாழ்வைப் பாட்டி உதவியை வைத்து விளக்க முடியாது. ஹாக்ஸின் வாதத்துக்கு இது நேரடிச் சவால், ஆதரிப்பவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

பேரப்பிள்ளை பார்ப்பதே வயதான பெண்ணின் கடமை என்று இந்த ஆய்வு சொல்கிறதா?

சொல்லவில்லை. அப்படிச் சொல்ல இதைப் பயன்படுத்துவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஓர் உடலமைப்பு எப்படி வந்தது என்ற விளக்கத்திலிருந்து இன்று ஒருவர் எப்படி வாழ வேண்டும் என்ற கட்டளை பிறக்காது. போதாததற்கு, ஹட்ஸாப் பாட்டி வீட்டுக்குள் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தவர் இல்லை. காலையில் கம்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய் உணவோடு திரும்பியவர். முகாமின் பொருளாதாரத்தில் அவர் முதல் வரிசை. மூத்த பெண்களைச் சுமை என்று பேசுபவர்களுக்கு எதிராகத்தான் இந்தத் தரவு நிற்கிறது.

ஹட்ஸாக்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

காட்டு உணவையே பெரிதும் நம்பி வாழ்பவர்கள் இன்று 200, 300 பேர்தான் இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். கால்நடைகளும் வயல்களும் நாலாபக்கமும் நெருக்குகின்றன. மாடுகள் வந்த இடத்தில் வேட்டை விலங்கு குறைகிறது. சோளமாவு உணவில் ஏறிவிட்டது, சுற்றுலாப் பயணிகள் வண்டியில் வந்து இறங்குகிறார்கள். 2011இல் யாயேடா பள்ளத்தாக்கில் சுமார் 20,000 ஹெக்டேருக்குத் தான்சானிய அரசு வழக்காற்று நில உரிமைச் சான்று கொடுத்தது. சமூகம் முழுவதற்குமாகத் தரப்பட்ட உரிமை அது. தனி ஆள் யாரும் அந்த நிலத்தை விற்க முடியாது. காட்டை அழியாமல் காப்பதற்காகக் கார்பன் திட்டம் ஒன்றின் மூலம் வருமானமும் வருகிறது, காவலுக்கு ஹட்ஸா இளைஞர்களே போகிறார்கள். எக்வா கொடி படரும் மலைச்சரிவுகளில் ஒரு பகுதி அந்த எல்லைக்குள் இருக்கிறது. மீதிப் பகுதிகளில் நில உரிமைக்கான இழுபறி நடந்துகொண்டிருக்கிறது.